எச்சத்தை மட்டும் எண்ணாதீர்கள்

தாவரக் கழிவிலிருந்து சர்க்கரை பிரிக்கும் ஆய்வாளர்களுக்கும், அந்த ஆய்வுகளை வெளியிடும் ஆய்விதழ்களின் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நீங்கள் வைக்கோலையும் சக்கையையும் மரத்தூளையும் பக்குவப்படுத்திச் சர்க்கரை எடுக்கிறீர்கள். அந்தச் சர்க்கரையை ஈஸ்டுக்குக் கொடுத்து எத்தனாலாக மாற்றுவது என் வேலை. உங்கள் வேலை முடிகிற இடத்தில் என் வேலை தொடங்குகிறது. பல வருடங்களாக உங்கள் கட்டுரைகளைப் படித்து, அவற்றில் சொன்னபடியே செய்து பார்த்து, கிடைத்த சாற்றை நொதிக்க வைத்து வருகிறேன். அந்த அனுபவத்தில் ஒன்றே ஒன்றைக் கேட்கத்தான் இந்த மடல். நீங்கள் சொல்லும் சர்க்கரை விளைச்சலை, முதலில் தராசில் வைத்த கழிவின் கணக்கில் சொல்லுங்கள். முன்பதப்படுத்தல் (என்சைம் உள்ளே நுழைய வழிவிடும்படி கழிவைப் பக்குவப்படுத்துவது) முடிந்து வடிதுணியில் மிஞ்சிய எச்சத்தின் கணக்கில் மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள்.

கேட்பதற்குச் சின்ன விஷயம்போல இருக்கும். அது எவ்வளவு பெரியது என்று எனக்குப் புரிந்த நாளைச் சொல்கிறேன்.

ஒரு கட்டுரையில் 92 விழுக்காடு குளுக்கோஸ் விளைச்சல் என்று படித்தேன். முறையும் எளிது. அரைத்த வைக்கோல் 100 கிராம், 2 விழுக்காடு சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் 1 லிட்டர், ஆட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கலனில் 121 டிகிரியில் ஒரு மணி நேரம். வடிகட்டி, கழுவி, எச்சத்தில் என்சைம் சேர்த்தால் மூன்று நாளில் சர்க்கரை. செய்து பார்த்தோம். அப்படியே வந்தது, 92. கட்டுரை எழுதியவர்கள் ஒரு புள்ளிகூடக் கூட்டிச் சொல்லவில்லை. அன்று மாலை ஆய்வகத்தில் எல்லோருக்கும் சந்தோஷம்.

மறுநாள் பாத்திரம் கழுவப் போனபோது, முதலில் வடித்த கறுஞ்சாறு ஒரு குடுவை நிறைய அப்படியே இருந்தது. கெட்டித் தேநீரைவிடக் கறுப்பு. கையுறையில் பட்டால் சோப்புத் தண்ணீர்போல வழுக்கும். வெந்த வைக்கோல் வாசனை. தொட்டியில் ஊற்றக் குடுவையைச் சாய்த்தவன், என்னவோ தோன்றி நிறுத்திவிட்டு ஒரு சிறு குப்பி அளவு எடுத்து வைத்தேன். அதை நேராக, கரைசலில் இருப்பவற்றைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் செலுத்தியபோது சர்க்கரை ஏறக்குறைய பூஜ்யம். சரி, ஒன்றுமில்லை போலிருக்கிறது என்று விட்டிருக்கலாம். ஆனால் காரத்தில் கரைகிற சைலான் (செல்லுலோஸோடு வைக்கோலில் இருக்கும் இன்னொரு சர்க்கரைச் சங்கிலி) தனிச் சர்க்கரையாக இருக்காது, சங்கிலித் துண்டுகளாகத்தான் மிதக்கும். அதனால் இன்னொரு பங்கில் அமிலம் சேர்த்து 4 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தேன். சேர்க்கும்போதே, நார்களைப் பசைபோல ஒட்டிவைக்கும் லிக்னின் பழுப்புத் திரிதிரியாகத் திரிந்து கீழே இறங்கியது. அதை 121 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, வடித்து, மறுபடி அளந்தேன். இந்த முறை, சைலான் உடைந்து வரும் சர்க்கரையான சைலோஸின் முகடு திரையின் உச்சிவரை போனது.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். எங்கள் 100 கிராம் உலர்ந்த வைக்கோலில் செல்லுலோஸ் 36 கிராம், சைலான் 22, லிக்னின் 18; மீதி சாம்பலும் மற்றவையும். வடிதுணியில் மிஞ்சியது 55 கிராம். அதில் செல்லுலோஸ் 31, சைலான் 10, லிக்னின் 6. அந்த 31 கிராமில் 92 விழுக்காட்டை என்சைம் உடைத்தது. ஆக, சர்க்கரையானது 28.5 கிராம் செல்லுலோஸ். முதலில் இருந்த 36 கிராமோடு ஒப்பிட்டால் அது 79 விழுக்காடுதான். சைலானின் கதை இன்னும் மோசம். எச்சத்தில் இருந்த 10 கிராமில் 7.5 கிராம் சைலோஸாகியது. முதலில் இருந்ததோ 22. அதாவது 34 விழுக்காடு. இரண்டையும் சேர்த்தால், வைக்கோலில் இருந்த 58 கிராம் சர்க்கரைச் சரக்கில் நம் கைக்கு வந்தது 36 கிராம். 62 விழுக்காடு.

92 எங்கே, 62 எங்கே. இரண்டும் ஒரே குடுவையிலிருந்து வந்தவை, இரண்டுமே பொய்யில்லை. ஆனால் முதல் எண் கட்டுரையின் தலைப்புக்கும் சுருக்கத்துக்கும் போகிறது. இரண்டாவது எண்ணை யாருமே கணக்கிடவில்லை. கறுஞ்சாற்றில் போன 12 கிராம் சைலானில் 10 கிராமுக்குமேல் எங்களால் கண்டுபிடிக்க முடிந்தது. செல்லுலோஸில் காணாமல் போன 5 கிராமில் பெரும்பகுதி சர்க்கரையாகக் கிடைக்கவே இல்லை. காரம் சங்கிலியின் முனையிலிருந்து ஒவ்வொரு கண்ணியாக உரித்துக் கரிம அமிலங்களாக்கிவிடும். அங்கே அதுதான் நடந்திருக்கும்.

இந்தத் துறைக்கு வெளியே இருந்து இதைப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. செல்லுலோஸும் மாவுச்சத்தும் இரண்டுமே குளுக்கோஸ் சங்கிலிகள்தான். பிணைப்பு திரும்பியிருக்கும் பக்கம்தான் வேறு. அந்த ஒரு வித்தியாசத்தால் செல்லுலோஸ் சங்கிலிகள் நேராக நீண்டு, பக்கத்துச் சங்கிலிகளோடு இறுகி, படிகமாகிவிடுகின்றன. அதைச் சுற்றி ஹெமிசெல்லுலோஸ்; மேலே சொன்ன சைலான் இந்த வகைதான். எல்லாவற்றுக்கும் இடையில் பசைபோல லிக்னின். மரம் நிமிர்ந்து நிற்பதும், மழையில் கரையாமலிருப்பதும், பூஞ்சைகளிடம் எளிதில் தோற்காமலிருப்பதும் இந்தக் கட்டமைப்பால்தான். என்சைம் உள்ளே நுழையவே வழி இருக்காது. அந்த வழியைத் திறப்பதுதான் முன்பதப்படுத்தல். நீர்த்த கந்தக அமிலத்தில் வேகவைக்கலாம்; காரத்தில் ஊறவைக்கலாம்; அழுத்தத்தில் நீராவி ஏற்றிச் சட்டென்று திறந்துவிட்டு நார் நாராகச் சிதறவைக்கலாம்; அம்மோனியாவாலும் செய்யலாம். வெண்ணழுகல் பூஞ்சையை வளரவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பவர்களும் உண்டு. எந்த வழியில் போனாலும் கதவைத் திறக்கும்போது வீட்டுக்குள் இருக்கும் சரக்கில் கொஞ்சம் வெளியே கொட்டத்தான் செய்யும். எவ்வளவு கொட்டியது என்பதுதான் என் கேள்வி.

சர்க்கரை கிடைக்குமா என்பது பழைய கேள்வி. அதற்கு 1819ஆம் ஆண்டே பிரெஞ்சு வேதியியலாளர் ஹென்றி பிராகன்னோ விடை சொல்லிவிட்டார். கந்தல் துணியைக் கந்தக அமிலத்தில் கரைத்துச் சர்க்கரை எடுத்துக் காட்டியவர் அவர். செல்லுலோஸுக்கு ஆன்செல்ம் பாயன் பெயர் வைத்ததே அதற்குப் பல வருடங்கள் கழித்து, 1838-39 வாக்கில்தான். என்சைம் வழியின் தொடக்கமும் ஒரு நஷ்டக் கணக்குதான். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்கள் மளமளவென்று மக்கிப் போயின. அதற்குக் காரணம் தேடியபோது சாலமன் தீவுகளிலிருந்து வந்து சேர்ந்த ஒரு பூஞ்சைதான், பிறகு எல்வின் ரீஸ் என்ற ஆய்வாளரின் பெயரால் டிரைக்கோடெர்மா ரீசி ஆனது. இன்றைக்கும் உங்கள் குளிர்பெட்டியில் இருக்கும் பல செல்லுலேஸ் (செல்லுலோஸை உடைக்கும் என்சைம்) புட்டிகளுக்கு மூலம் அதுதான். ஆக, 200 வருடங்களாகச் சர்க்கரை வந்துகொண்டுதான் இருக்கிறது. எவ்வளவு வருகிறது, வழியில் எவ்வளவு போகிறது, வந்தது பயன்படும் நிலையில் இருக்கிறதா என்பவைதான் இன்னும் முடியாத கேள்விகள்.

அந்தக் கடைசிக் கேள்விதான் என் கையைச் சுட்டது. அமில வழியில் செய்த ஒரு சாறு எங்களுக்கு வந்தது. யார் செய்தது என்பது இங்கே முக்கியமில்லை. கூடவே வந்த தாளில் சைலோஸ் இவ்வளவு, குளுக்கோஸ் இவ்வளவு என்று இரண்டு எண்கள் மட்டும் இருந்தன. மூடியைத் திறந்ததும் கசந்த பாதாம் வாசனை மூக்கில் ஏறியது. ஃபர்ஃபுரால்! சைலோஸ் அமிலத்தில் தேவைக்குமேல் வெந்தால் அதுவாகத்தான் மாறும். குளுக்கோஸ் வெந்தால் ஹைட்ராக்சிமெத்தில் ஃபர்ஃபுரால். அதையும் தாண்டினால் லெவுலினிக் அமிலமும் ஃபார்மிக் அமிலமும். போதாதற்கு, ஹெமிசெல்லுலோஸில் தொங்கிக்கொண்டிருக்கும் அசிட்டைல் குழுக்கள் கழன்று அசிட்டிக் அமிலமாகின்றன. இவை ஒன்றைப் பற்றியும் அந்தத் தாளில் ஒரு வரி இல்லை.

ஆறு குடுவைகளில் ஈஸ்ட் விட்டோம். முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு குமிழிகூட வரவில்லை. இரண்டாம் நாள் மதியம்வாக்கில் மூன்று குடுவைகள் மெல்ல விழித்துக்கொண்டன. மற்ற மூன்றும் விழிக்கவே இல்லை. அந்த முதல் நாள் முழுக்க ஈஸ்ட் சும்மா இருந்ததாகத்தான் நினைத்தேன். பிறகு அளந்து பார்த்தபோதுதான், விழித்த குடுவைகளில் ஃபர்ஃபுரால் போய் ஃபர்ஃபுரைல் ஆல்கஹால் வந்திருந்தது தெரிந்தது. பாவம், அந்த உயிர்கள் தங்களுக்கு வைத்த நஞ்சைத் தாங்களே முறித்துவிட்டு, அதன் பிறகுதான் சர்க்கரையைத் தொட்டிருக்கின்றன. விழிக்காத மூன்றும் கார அமிலநிலை (pH) 4.5க்கு வைத்தவை, விழித்தவை 5.5. அசிட்டிக் அமிலம் பிரியாத மூலக்கூறாக இருக்கும்போதுதான் செல்லுக்குள் நுழைகிறது. 4.76க்குக் கீழே அதில் பாதிக்குமேல் அப்படித்தான் இருக்கும். இது எனக்குப் பாடமாகத் தெரியும். ஆனால் அந்தச் சாற்றில் அசிட்டிக் அமிலம் எவ்வளவு என்று தாளில் இருந்திருந்தால் நான் 4.5 பக்கமே போயிருக்க மாட்டேன். கஷ்டப்பட்டுச் செய்த சாற்றில் பாதி வீணானது.

அதனால் என் வேண்டுகோளை இன்னும் கொஞ்சம் நீட்டுகிறேன். சாற்றில் சர்க்கரை எவ்வளவு என்று சொல்லும்போது, அதே வரிசையில் அசிட்டிக் அமிலம், இரண்டு ஃபர்ஃபுரால்கள், ஃபார்மிக் அமிலம் ஆகியவற்றையும் சொல்லுங்கள். ஏற்கெனவே எச்.பி.எல்.சி. வைத்திருப்பவர்களுக்கு அதே ஓட்டத்தில் இவை பெரும்பாலும் கிடைத்துவிடும். தனிச் செலவு அதிகமில்லை.

அளவிடும் முறைகளைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நிறமாற்றத்தை வைத்துச் சர்க்கரையை அளக்கும் டி.என்.எஸ். முறை எளிது, மலிவு; மாணவர்கள் கற்றுக்கொள்ள நல்ல முறை. மஞ்சள் கரைசல் கொதித்துச் செந்நிறமாவதைப் பார்ப்பதே ஒரு மகிழ்ச்சி. ஆனால் அது குளுக்கோஸையும் சைலோஸையும் பிரித்துச் சொல்லாது. ஒடுக்கும் தன்மையுள்ள எல்லாவற்றையும் சர்க்கரை என்றே எண்ணும். முன்பதப்படுத்திய சாற்றில் ஏற்கெனவே பழுப்பு நிறம் இருக்கிறது, ஃபீனால்கள் இருக்கின்றன, ஆல்டிஹைடுகள் இருக்கின்றன. அந்தச் சாற்றில் டி.என்.எஸ். தரும் எண்ணை மட்டும் நம்பி விளைச்சல் சொல்வது சரியில்லை. கடையில் வாங்கும் என்சைம் திரவத்திலேயே சர்க்கரை இருப்பதுண்டு. வைக்கோல் போடாமல் என்சைம் மட்டும் வைத்த ஒரு குடுவையை அளந்து கழிக்காவிட்டால், புட்டியில் வந்த சர்க்கரையும் வைக்கோல் தந்ததாகக் கணக்கில் ஏறிவிடும். அதேபோல, 100 விழுக்காட்டைத் தாண்டிய விளைச்சலைப் பார்த்தால், செல்லுலோஸ் உடையும்போது ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு நீர் மூலக்கூறு சேர்வதை மறந்துவிட்டார்களோ என்று முதலில் பாருங்கள். 162 கிராம் செல்லுலோஸ் 180 கிராம் குளுக்கோஸாகும். 1.11 என்ற அந்தச் சின்னப் பெருக்கெண்ணை விட்டதால் தவறான எண்கள் அச்சாகியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

லிக்னின் விஷயத்தில் வேறொரு பொறி. கடுமையான அமிலப் பதப்படுத்தலுக்குப் பிறகு லிக்னின் முதலில் இருந்ததைவிட அதிகமாகிவிட்டதாகச் சில அட்டவணைகள் காட்டும். லிக்னின் புதிதாக முளைக்காது. கருகிய சர்க்கரைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, அமிலத்தில் கரையாத கரும்பொருளாகி எச்சத்தின் மேல் ஒட்டிக்கொள்கின்றன. எடைபோடும்போது அதுவும் லிக்னினாகப் பதிவாகிறது. போலி லிக்னின் என்று அதைச் சொல்வார்கள். முழுக் கணக்கு போட்டிருந்தால் அந்த இடத்திலேயே கண்ணில் பட்டிருக்கும். ஒரு பக்கம் சர்க்கரை குறைகிறது, மறுபக்கம் லிக்னின் கூடுகிறது, இரண்டும் ஒரே பண்டம்.

நீரும் காரமும் கணக்கில் வர வேண்டும். மேலே சொன்ன சோதனையில் 100 கிராம் வைக்கோலுக்கு 20 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு போட்டோம். கிடைத்த சர்க்கரை, நீர் சேர்ந்த எடையில், சுமார் 40 கிராம். இரண்டு கிராம் சர்க்கரைக்கு ஒரு கிராம் காரம். அந்தக் காரத்தை மீட்டெடுக்க வழி சொல்லாவிட்டால், சர்க்கரையோடு ஒரு உப்புத் தொழிற்சாலையும் நடத்த வேண்டியிருக்கும். எச்சத்தைக் காரம் போகும்வரை கழுவ எத்தனை வாளி பிடித்தது என்று நான் முதலில் எண்ணவே இல்லை. இரண்டாம் முறை எண்ணினேன். 100 கிராமுக்கு 20 லிட்டருக்கு மேல் போனது. கட்டுரையில் அது ‘நடுநிலை வரும்வரை கழுவப்பட்டது’ என்ற மூன்று வார்த்தைகளாக இருந்தது.

திடப்பொருளின் அளவும் அப்படித்தான். ஆய்வகத்தில் 100 மில்லி லிட்டருக்கு 2 கிராம் எச்சம் போட்டு என்சைம் வேலையைப் பார்ப்பது வழக்கம். கலக்க எளிது, என்சைமும் குளுக்கோஸால் தடைபடாமல் ஓடும். எங்கள் எச்சத்தில் அப்படிச் செய்தால் 100 மில்லியில் 1.15 கிராம் குளுக்கோஸ் வரும். ஒரு கிராம் குளுக்கோஸிலிருந்து அதிகபட்சம் 0.51 கிராம் எத்தனால்தான் கிடைக்க முடியும் என்பதால், என் குடுவையில் 0.6 விழுக்காடு எத்தனால். காய்ச்சி வடிப்பதற்கு எடையில் 4 விழுக்காடாவது இருந்தால்தான் கட்டுப்படியாகும் என்பது பொதுவான கணிப்பு. அதற்கு 8 விழுக்காட்டுக்கு மேல் சர்க்கரை வேண்டும். அதற்கு 15, 20 விழுக்காடு திடப்பொருள் போட வேண்டும். போட்டால் குடுவையில் இருப்பது திரவமாகவே இருக்காது, ஈர மண்போல இருக்கும். 92 அங்கே 92ஆக நிற்காது. குறைந்தபட்சம் ஒரே ஒரு சோதனையையாவது அந்தக் கெட்டி நிலையில் செய்து அதன் எண்ணையும் சேர்த்துத் தாருங்கள். அது குறைவாக இருந்தாலும் எனக்கு அந்த எண்தான் வேண்டும்.

இதெல்லாம் நடக்காத காரியமா? நடந்திருக்கிறது. 2000ஆம் ஆண்டில் வட அமெரிக்காவில் சில ஆய்வுக் குழுக்கள் ஒன்று சேர்ந்து, நீர்த்த அமிலம், வெந்நீர், அம்மோனியா, சுண்ணாம்பு என்று ஆளுக்கொரு முறையை எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் ஒரே களஞ்சியத்து மக்காச்சோளத் தட்டை. அளவீட்டுக்கு ஒரே முறைகள். திடத்திலும் திரவத்திலும் போன ஒவ்வொரு சர்க்கரைக்கும் ஒரே மாதிரிக் கணக்கு. 2005இல் முடிவுகளை அருகருகே வைத்து வெளியிட்டார்கள். அந்த அட்டவணையைப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் எந்தச் சர்க்கரையை எந்தக் கட்டத்தில் விடுவிக்கிறது என்பது பளிச்சென்று தெரியும். அமிலம் சைலானை முதல் கட்டத்திலேயே சாற்றில் இறக்கிவிடுகிறது. அம்மோனியா வெடிப்பு முறை கிட்டத்தட்ட எல்லாவற்றையும் திடத்திலேயே வைத்துக்கொண்டு என்சைமிடம் ஒப்படைக்கிறது. எச்சத்தின் விழுக்காட்டை மட்டும் வைத்து இந்த இரண்டையும் ஒப்பிட்டிருந்தால் இருவருக்குமே அநியாயம் நடந்திருக்கும்.

ஆசிரியர்களே, உங்களிடம் அதிகாரம் இருக்கிறது. முன்பதப்படுத்தல் பற்றி வரும் கட்டுரை ஒவ்வொன்றிலும் 100 கிராம் உலர்ந்த மூலப்பொருளில் தொடங்கி, எச்சத்துக்கு எவ்வளவு, சாற்றுக்கு எவ்வளவு, கழுவிய நீருக்கு எவ்வளவு, கணக்கில் வராதது எவ்வளவு என்று காட்டும் ஒரு படத்தைக் கட்டாயமாக்குங்கள். கணக்கில் வராதது 10 விழுக்காடு இருந்தாலும் பரவாயில்லை, அது அங்கே எழுதியிருக்கட்டும். என்சைம் அளவை, செல்லுலோஸின் ஒரு கிராமுக்கு எத்தனை மில்லிகிராம் புரதம் என்று கேளுங்கள். மூலப்பொருளை எவ்வளவு நுணுக்கமாக அரைத்தார்கள், பதப்படுத்திய எச்சத்தை என்சைமுக்கு முன்னால் உலர்த்தினார்களா என்றும் கேளுங்கள். உலர்ந்தால் நுண்துளைகள் இறுகி மூடிக்கொள்ளும். ஈரத்தோடு வைத்தவரின் எண்ணும் உலர்த்தியவரின் எண்ணும் ஒன்றாக இருக்காது.

இன்னொன்றும் இருக்கிறது, இதைத்தான் மிகவும் மனதோடு கேட்கிறேன். 62 என்று நேர்மையாக எழுதிவரும் ஒரு மாணவரின் கட்டுரையை, பக்கத்தில் 92 என்று எழுதியவரின் கட்டுரையோடு ஒப்பிட்டு, ‘விளைச்சல் குறைவு’ என்று திருப்பி அனுப்பாதீர்கள். இரண்டும் ஒரே வைக்கோலாக இருக்கலாம். முழுக் கணக்கு போட்ட குற்றத்துக்காக ஒரு மாணவர் தோற்றால், அடுத்த முறை அவர் கறுஞ்சாற்றை அளக்காமல் தொட்டியில் ஊற்றிவிடுவார். அந்த நிலைக்கு நானே அன்று ஒரு கைச்சாய்ப்புத் தூரத்தில்தான் இருந்தேன்.

ஆய்வாளர் நண்பர்களே, நீங்கள் செய்வது எவ்வளவு கடினமான வேலை என்று எனக்குத் தெரியும். சரியாகப் பக்குவப்பட்ட நாரைக் கையில் எடுத்தாலே தெரிந்துவிடும்; பஞ்சுபோல மெத்தென்று பிரியும், விரலில் முள் ஏறாது. அப்படி ஒரு எச்சம் வந்த நாளில் எங்கள் ஆய்வகத்தில் அதை ஒருவர் மாற்றி ஒருவர் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அந்த எச்சத்தை எடைபோட்ட அதே நாளில், அதைப் பிழிந்த சாற்றிலிருந்தும் கழுவிய நீரிலிருந்தும் ஒவ்வொரு குப்பி எடுத்துப் பெயர் எழுதி உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். உடனே அளக்க நேரமில்லை என்றாலும் பரவாயில்லை. பிறகு யாராவது கணக்குக் கேட்கும்போது அந்தக் குப்பிகள் அங்கே இருக்கும்.

அன்புடன்,
உங்கள் சாற்றை நொதிக்க வைக்கும் ஒருவன்